‘மாஃபி’யை யார் படிப்பிப்பது?

சென்ற வருடம் மட்டக்களப்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் செயலமர்வு. தலைப்பு மூன்று மொழிகளிலும் பெனரில் தொங்கியது: ‘எல்லை கடந்த தொழில்வாய்ப்பிலும் பயிற்சியிலும் கலாசாரப் பல்வகைமையிலிருந்து கற்றல்.’ தமிழில் மட்டும் ‘பல்வகைமை’யில் ஒரு ‘ல்’ விடுபட்டிருந்தது. நான் அங்கே மொழிபெயர்ப்புக்குப் போயிருந்தேன். சிங்களத்தில் சொல்வதைத் தமிழில், தமிழில் சொல்வதைச் சிங்களத்தில். நாள் கூலி நல்லம், பகல் சாப்பாடு அதைவிட நல்லம். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போற ஆட்களில் நானும் ஒருவன் எண்டதை முதலே சொல்லிவிடுறன்.

முன்வரிசையில் வளவாளர்கள், அதிகாரிகள், பயிற்சி கொடுக்கிறவர்கள். கடைசி வரிசையில் மூன்று பெண்கள். அவர்கள் வெளிநாடு போய் வேலை செய்து திரும்பியவர்கள். பங்குபற்றுநர் பட்டியலில் அவர்களுடைய பெயருக்கு நேரே ‘பயனாளி’ எண்டு போட்டிருந்தது. பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்த ஒரு அக்காவுக்கு இரண்டாம் நாள் பின்னேரம் ‘அனுபவப் பகிர்வு’க்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வருவம். அதற்கு முதல் அந்த இரண்டு நாளும் ‘கலாசாரம்’ எண்ட சொல் அங்கே என்ன வேலை பார்த்தது எண்டு சொல்லவேணும்.

அந்த மண்டபத்தில் கலாசாரம் எண்டால் ‘அவங்கட பழக்கவழக்கம்’. அரபு வீட்டில் எப்படி உடுக்கவேணும், ஆம்பிளைகளை நிமிர்ந்து பார்க்கக்கூடாது, நோன்பு காலத்தில் எப்ப சமைக்கவேணும், இடது கையால் எதையும் கொடுக்கக்கூடாது. கொரியா எண்டால் எத்தனை பாகை குனிந்து வணக்கம் சொல்லவேணும், மூத்தவருக்கு இரண்டு கையாலும் கொடுக்கவேணும், ‘ப்பல்லி ப்பல்லி’ (கெதியா, கெதியா) எண்டு மேற்பார்வையாளர் கத்தினால் அது கோபமில்லை, அவங்கட கலாசாரம் எண்டு விளங்கிக்கொள்ளவேணும். கத்துவதும் கலாசாரமாம். எனக்கு மொழிபெயர்க்கும்போதே சிரிப்பு வந்தது.

இதில் ஒன்றும் பிழையில்லையே எண்டு கேட்பீர்கள். இன்னொருவருடைய நாட்டுக்குப் போகிறவர் அந்த நாட்டின் நடைமுறை தெரிந்துகொண்டு போகத்தானே வேணும்? வேணும். நான் அதற்கு எதிரில்லை. என் கேள்வி வேறு. ‘பல்வகைமையிலிருந்து கற்றல்’ எண்டால் குறைந்தது இரண்டு பக்கம் இருக்கவேணும் இல்லையா? கற்கிற பக்கம் எப்போதும் ஏன் இந்தப் பக்கமாகவே இருக்கு? வேலைக்கு ஆள் எடுக்கிற குவைத் வீட்டுக்கு, கொரியக் கம்பனிக்கு, யப்பான் பண்ணைக்கு இப்படி ஒரு செயலமர்வு எங்கே நடக்குது? வாறவர் எந்த மொழி பேசுகிறவர், என்ன சாப்பிடுகிறவர், அவர் தலையாட்டினால் அது ‘ஓம்’ஆ ‘இல்லை’யா எண்டு அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறது? ஒரு பக்கம் மட்டும் படிக்கிற படிப்புக்குப் பெயர் கலாசாரக் கற்றல் இல்லை. பணியப் பழக்குறது.

அந்த அக்கா தன்னுடைய பழைய கொப்பியைக் கொண்டுவந்திருந்தா. பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் எழுதினது. ஒரு பக்கத்தில் அரபுச் சொல் தமிழ் எழுத்தில், மற்றப் பக்கத்தில் அர்த்தம். தண்ணீர், சோறு, தும்புத்தடி, இஸ்திரிக்கைப் பெட்டி, பிள்ளை, கதவு, வா, போ, சரி மதாம். தேநீர் இடைவேளையில் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். ‘இல்லை’ எண்ட சொல் இல்லை. ‘நோகுது’ இல்லை. ‘சம்பளம்’ இல்லை. ‘போதும்’, ‘நித்திரை’, ‘ஆஸ்பத்திரி’, ‘தூதரகம்’ ஒன்றும் இல்லை. எல்லாச் சொல்லும் கேட்கிறதுக்கு, ஒன்றுகூட கதைக்கிறதுக்கு இல்லை.

வேறு ஒரு பகிடியும் இருந்தது. வகுப்பில் சோற்றுக்கு ‘ருஸ்’ எண்டு படிப்பிச்சிருக்கிறார்கள். அக்கா போன வீட்டில் ‘ஐஷ்’ எண்டு சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் மதாம் ‘ஐஷ், ஐஷ்’ எண்டு கத்த, இவ ஐஸ் கேக்கிறாங்க எண்டு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்திருக்கிறா.

“பிறகு எப்படியக்கா படிச்சீங்க?”

“ஆரு படிப்பிச்ச? குப்பை போடப் போற இடத்துலதான் தம்பி படிச்ச.”

அந்தக் குப்பைத் தொட்டியடிதான் இந்த விடயத்தின் நடு. இரவு ஒன்பது மணி போல மாடி வீடுகளில் இருந்து குப்பையைக் கீழே கொண்டுவந்து போடவேணும். அந்தப் பத்து நிமிடம்தான் அவவுக்கு வெளியுலகம். அங்கே ஒரு எதியோப்பியப் பெண்ணும் ஒரு பிலிப்பினோப் பெண்ணும் வருவார்களாம். மூன்று பேருக்கும் பொதுவான மொழி எண்டு ஒன்று இல்லை. இருந்தது அந்தக் குசினி அரபு மட்டும். ‘மாஃபி’ (இல்லை), ‘ஃபுலூஸ்’ (காசு), ‘முஷ்கில்’ (பிரச்சினை), ‘சீதா’ (நேரே). அந்தச் ‘சீதா’ ஹிந்தி, உருதுச் சொல். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஆட்களும் வியாபாரிகளும் வாயோடு கொண்டுபோய் அரபுக்குள் போட்டது. மொழியியலாளர்கள் இதை வளைகுடாக் கலப்பு அரபு எண்டு தனியாகவே ஆய்வு செய்திருக்கிறார்கள். வங்காளி, மலையாளி, தமிழர், நேபாளி, பிலிப்பினோக்காரர், எதியோப்பியர், அவர்களை வேலைக்கு வைத்த அரபிகள் எல்லாரும் சேர்ந்து, ஒருவரும் திட்டம் போடாமல், ஒரு சதம் நிதியுதவி இல்லாமல் உருவாக்கின மொழி அது.

பிலிப்பினோப் பெண் இவவுக்குச் சொல்லிக்கொடுத்தது: தூதரகத்தின் நம்பரைத் துணியில் எழுதிப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தை. கைத்தொலைபேசியைப் பறித்தாலும் நம்பர் இருக்கும். இவ அந்த எதியோப்பியப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது: சம்பளம் தந்த நாளையும் தராத மாதத்தையும் அலுமாரிக் கதவின் உட்பக்கம் கோடு போட்டு வை. எழுதத் தெரியாவிட்டாலும் கோடு சாட்சி.

இரண்டு நாள் செயலமர்வில் நான் மொழிபெயர்த்த நூற்றுக்கணக்கான வசனங்களில் உண்மையிலேயே ‘கலாசாரப் பல்வகைமையிலிருந்து கற்றல்’ எண்டு சொல்லக்கூடியது இது ஒன்றுதான். இது நிகழ்ச்சிநிரலில் இல்லை. தேநீர் இடைவேளையில் நடந்தது.

கொரியாக் கதைக்கு வருவம், ஏனெண்டால் இதை வாசிக்கிற கனபேர் வீட்டில் இப்ப யாராவது ஒருவர் கொரியா எக்ஸாமுக்குப் படிச்சுக்கொண்டிருப்பார். எங்கட வீட்டில் மச்சான் படிக்கிறான். பகலில் ‘அன்னியொங் ஹசேயோ’, இரவில் கே-டிராமா. இரண்டும் ஒரே நாடு எண்டு நம்புறான். கொரியாவின் வேலை அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியது. முதல் கட்டத்தில் ஆட்களை அனுப்பிய ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஏஜென்சிக்காரனைத் தள்ளிவிட்டு அரசுக்கும் அரசுக்கும் இடையில் நடக்கிறபடியால் வளைகுடாவை விட அது எவ்வளவோ மேல் எண்டதை மறுக்கமாட்டன். அந்தப் பரீட்சைக்கான பாடப்புத்தகத்தில் வேலை ஒப்பந்தம், தொழில் விபத்துக் காப்புறுதி பற்றியெல்லாம் பாடம் இருக்கு. அந்த அக்காவின் கொப்பியோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் 2025 யூலையில் வெளியான அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொரியாவின் நஜு நகரில் ஒரு செங்கல் தொழிற்சாலை. அந்த வருடம் பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல் அடுக்கோடு சேர்த்து பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டி, ஃபோர்க்லிஃப்டால் மேலே தூக்கிக் காட்டுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கொரிய ஜனாதிபதி லீ ஜே-மியுங் வெளிப்படையாகவே கண்டித்தார், விசாரணை நடந்தது. நல்லது. நான் கேட்கிறது இதுதான்: அப்படி வேலைக்குப் போகிற ஒருவர் புதிய எழுத்து படித்து, புதிய இலக்கணம் படித்து, பரீட்சை எழுதி, குனிந்து வணக்கம் சொல்லப் பழகித்தான் விமானம் ஏறவேணும். அந்த ஃபோர்க்லிஃப்டை ஓட்டினவர் என்ன பரீட்சை எழுதினார்? பக்கத்தில் நின்று சிரிச்சவர்களுக்கு எத்தனை மணித்தியாலக் கலாசாரப் பயிற்சி கிடைச்சது?

கொரியாவில் ‘தமுன்ஹ்வா’ எண்டு ஒரு சொல் இருக்கு. பன்முகக் கலாசாரம் எண்டு அர்த்தம். 2008இல் அதற்குச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் முக்கியமாகக் கலியாணம் கட்டி வந்த வெளிநாட்டவர்களின் குடும்பங்களுக்கு. தொழிற்சாலையில் நிற்கிறவன் அந்தக் குடைக்கு வெளியே. அவனுக்கு இருக்கிறது வேறு சட்டம். அதன்படி, குறிப்பிட்ட காரணம் இருந்தாலொழிய வேலையிடம் மாறமுடியாது, முதல் மூன்று வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் மாறவும் முடியாது. 2021இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் அது சரி எண்டு சொல்லிவிட்டது. கத்துகிற முதலாளியை விட்டுப் போக முடியாதவனுக்குக் கத்துவது கலாசாரம் எண்டு படிப்பிச்சு அனுப்புறது என்ன நியாயம்?

இதில் எனக்கு உறுத்துகிற இன்னொன்று. இதே கொரியாவில் இருந்து 1960களில் ஆயிரக்கணக்கானோர் மேற்கு ஜேர்மனிக்குச் சுரங்கத் தொழிலாளராகவும் தாதியராகவும் போனார்கள். 70களில் வளைகுடாவில் வீதி போட்டவர்களும் கட்டடம் கட்டினவர்களும் கொரியர்கள். அவர்களுடைய தாத்தா, பாட்டிமாருக்கு இந்த அனுபவம் இருக்கு. அதைத் தங்கட தொழிற்சாலைக்குள் படிப்பிக்க அவர்களுக்கு யாருடைய செயலமர்வும் தேவையில்லை.

இனி ரிசானா. இந்தப் பெயரைச் சொல்லாமல் தமிழில் இந்த விடயத்தை எழுத முடியாது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். போய்ச் சில வாரங்களில் அவருடைய கையில் கொடுக்கப்பட்டிருந்த நாலு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரைக்கேறியது எண்டு அவர் சொன்னார். கொலை எண்டு வழக்குப் போட்டார்கள். விசாரணையின்போது சட்டத்தரணி இல்லை. ஒப்புதல் வாக்குமூலம் எண்டு ஒன்று பதிவானது, அதை அவர் பிறகு மறுத்தார். அந்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழுக்கும் அரபுக்கும் இடையில் சரியாக மொழிபெயர்க்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் எண்டு மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொன்னன. 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேலை செய்கிறவன் எண்ட முறையில் சொல்லுறன். ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்த கயிறுகளில் ஒன்று மொழி. ‘புரைக்கேறியது’ எண்ட சொல்லை அரபுக்குக் கொண்டுபோகத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தாரா எண்டது சின்னக் கேள்வி இல்லை. இதிலிருந்து இலங்கை அரசு என்ன கற்றுக்கொண்டது? தமிழ் தெரிந்த அரபு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எங்கள் ஆட்களை விசாரிக்க விடமாட்டம் எண்டு ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கினார்கள். ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ எண்டு ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் போகமுடியாது எண்டு அப்ப சொன்னார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு அறிக்கை இருக்கவில்லை. அதாவது பாதிக்கப்பட்டவளைத்தான் திருத்தினார்கள். பிறகு 2022இல் டொலர் முடிந்ததும் அதே அரசு அந்த வயதெல்லையை 21 ஆகக் குறைத்தது. ஒன்பது வருடம் தாய்மை, பாதுகாப்பு எண்டு கதைச்சதெல்லாம் எரிபொருள் வரிசையில் கரைஞ்சு போனது.

நாங்கள் சின்ன நாடு, அவங்களுக்குப் படிப்பிக்க எங்களால் ஏலுமா எண்டு அந்தச் செயலமர்விலும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரித் தெரியும். பிலிப்பைன்ஸும் டொலருக்குத்தான் ஆட்களை அனுப்புது. 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பினோப் பணிப்பெண்ணின் உடலை உறைபெட்டிக்குள் கண்டெடுத்தபோது அவர்கள் ஆட்களை அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே வருடம் மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கக்கூடாது, கைத்தொலைபேசி வைத்திருக்க விடவேணும், விடுமுறை நாள் வேணும் எண்டு எழுதினார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை, அதற்குப் பிறகும் கொலைகள் நடந்தன. ஆனாலும் குவைத் முதலாளிக்குப் படிக்கவேண்டிய பாடம் ஒன்றாவது எழுத்தில் இருக்கு. எங்கட பக்கத்தில் 2024இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், வந்த பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. ‘ரட்ட விருவோ’, நாட்டின் வீரர்கள் எண்டு பெயரும் வைத்தாச்சு. வீரருக்குக் கைத்தொலைபேசி வைத்திருக்க உரிமை கேட்பதற்கு இது போதாதா?

அரசு கேட்காவிட்டால் என்ன செய்யலாம் எண்டதற்கும் உதாரணம் இருக்கு. 2015இல் பெய்ரூட்டில் வீட்டுப் பணியாளர்கள் ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். இலங்கை, நேபாளம், எதியோப்பியா, பிலிப்பைன்ஸ் எண்டு பல நாட்டுப் பெண்கள். லெபனான் அரசு அதை அங்கீகரிக்கவில்லை, இருந்தும் தொடங்கினார்கள். அந்தக் குப்பைத் தொட்டியடிப் பேச்சு கொஞ்சம் வளர்ந்து ஒரு மண்டபத்துக்குள் போனால் அதுதான். அதை எங்கட பயிற்சி வகுப்புகளில் ஒரு வரியாவது சொல்லுவார்களா? சொன்னால் முதலாளிமார் ஆள் எடுக்கமாட்டார்கள் எண்ட பயம். அவர்கள் விரும்புகிற பல்வகைமை சாப்பாட்டு விழாவில் நிற்கும் பல்வகைமை.

அரசையும் அரபிகளையும் கொரியர்களையும் மட்டும் திட்டிவிட்டுப் போனால் எனக்கே வெட்கம். எங்கட ஊரைப் பார்ப்பம். மூதூர், வாழைச்சேனை, மன்னார், ஹட்டன், பதுளை எண்டு எங்கே போனாலும் வெளிநாடு போய் வந்த பெண்ணைப் பற்றி என்ன கதைக்கிறம்? அவ அனுப்பின காசில் கல்வீடு கட்டுவம், தம்பிக்கு மோட்டார் சைக்கிள் வாங்குவம், பிறகு ‘அங்க என்ன செஞ்சாவோ’ எண்டு மெதுவாகச் சொல்லுவம். கனடாவில் கோப்பை கழுவிவிட்டு வந்த மாமாவைக் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் இருத்துறம். குவைத்தில் மூன்று நாட்டுப் பெண்களோடு சேர்ந்து ஒரு வாழ்க்கையைச் சமாளித்த அக்காவிடம் ஒரு கேள்வியும் கேட்கிறதில்லை. அவவுக்குத் தெரிந்த மொழிக்குச் சான்றிதழ் இல்லை. அவ திரும்பி வந்து தையல் வகுப்புக்குப் போகிறா, ‘சுயதொழில்’ எண்டு யாரோ தையல் மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அவவைப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியராக வைக்கவேணும் எண்டு ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை? வளவாளருக்குக் கொடுக்கிற காசை அவவுக்குக் கொடுங்கள். அவ அந்தக் கொப்பியைத் திருத்தி எழுதட்டும். முதல் பக்கத்தில் ‘மாஃபி’ இருக்கும்.

இனி அந்த ஐந்து நிமிடம்.

இரண்டாம் நாள் பின்னேரம் நாலரை மணி. வான் வெளியில் நிற்குது, எல்லாரும் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். அக்கா எழும்பினா. வழமையாக இந்த இடத்தில் ‘கஷ்டப்பட்டேன், ஆனால் பிள்ளைகளைப் படிப்பித்தேன், பயிற்சிக்கு நன்றி’ எண்டு வரும். நானும் அதற்குத்தான் சிங்களத்தில் வசனம் தயாராக வைத்திருந்தேன். அவ சொன்னது இது:

“நீங்க எல்லாரும் அவங்கட பழக்கம் என்னெண்டு எங்களுக்குப் படிப்பிச்ச. நல்லது. நான் அந்த வீட்ட பதினொரு வருசம் இருந்த. அவங்க என்ன மாலா எண்டுதான் கூப்பிட்ட. மாலா எனக்கு முதல் அங்க இருந்த புள்ள. என்ட பேரு வேற எண்டு மூணு தரம் சொன்ன. பிறகு விட்டுட்டன். என்ட பேரச் சொல்ல அவங்களுக்கு ஆரு படிப்பிக்கிற?”

மண்டபம் கொஞ்சம் அமைதியாகத்தான் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் மிஸ் என்னைப் பார்த்து, விரலால் ‘சுருக்கு’ எண்டு காட்டினா. நான் சிங்களத்தில் சொன்னது: ‘அங்கே சில தொடர்பாடல் சிக்கல்கள் இருந்ததாகச் சொல்லுகிறார்.’ அவ்வளவுதான். முன்வரிசை தலையாட்டியது. ஒருவர் குறிப்பும் எடுத்தார். அக்காவுக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். இருக்கும்போது என்னை ஒரு தரம் பார்த்தா.

அறிக்கையில் என்னுடைய வசனம்தான் போயிருக்கு. ‘தொடர்பாடல் சிக்கல்கள்’ எண்டு, பரிந்துரையாக ‘புறப்பாட்டுக்கு முன்னரான மொழிப் பயிற்சியை வலுப்படுத்தல்’ எண்டு. ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டுத் திருத்தச் சொன்னேன். அறிக்கை அச்சாகிவிட்டதாம்.

அடுத்த மாதம் திருகோணமலையில் இன்னொரு செயலமர்வு வருது. மொழிபெயர்ப்புக்குக் கேட்டிருக்கிறார்கள். அந்த அக்காவை வளவாளராகக் கூப்பிட்டு, காலையில் முதல் ஒரு மணித்தியாலம் கொடுத்து, மற்ற வளவாளருக்குக் கொடுக்கிற அதே காசும் கொடுத்தால் நான் வாறன் எண்டு பதில் எழுதியிருக்கிறன். இன்னும் ஒன்றும் சொல்லல்ல.